பீலிக்கு இறங்க முப்பத்தொரு படி

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். இந்தப் பயணம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. மாவுக்கட்டு வெட்டிய பிறகு, கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் என்னை ஓர் அறைக்கு அனுப்பினார்கள். ஏதாவது பெரிய இயந்திரத்தில் கையை மாட்டி இழுப்பார்கள் என்ற பயத்தோடு உள்ளே போனேன். மேசையில் ஒரு பூட்டும் சாவியும், துணி காயப்போடும் கிளிப்புகளும், ஒரு தேங்காய்த் துருவியும் இருந்தன. சமையலறைச் சாமான்களை யாரோ தவறி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

அங்கே இருந்த இளம்பெண் ரிஹானா, தொழில்வழிச் சிகிச்சையாளர், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவர். அதுவரைக்கும் அந்தப் பெயரைக் கேட்டு, நோயாளிகளுக்கு வேலை தேடிக் கொடுப்பவர்கள் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தவள் நான். "இந்தக் கையால முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க அக்கா?" என்று கேட்டார். யோசிக்காமல் "தேங்காய்ப்பால் பிழியணும்" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால், பைலில் எழுதிக்கொண்டார். ஆறாவது வாரம் அந்த அறையில் நான் தேங்காய்ப்பால் பிழிந்தேன்.

பிறகு ரிஹானா சொந்த ஊரான தலவாக்கலைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். போனில் பேசும்போதெல்லாம், "அங்க எனக்கு அறை இருந்துச்சு, இங்க மலைதான் இருக்கு, வந்து பாருங்க" என்பார். மற்றவர்கள் வேலையில் மூக்கை நுழைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு நிறையவே உண்டு. பெப்ரவரி கடைசி வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கிளம்பினேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். இரண்டாம் வகுப்பு, முன்பதிவு இல்லாமல், நான் போன அன்று 520 ரூபா. வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் காட்சி, இல்லை இடப்பக்கம்தான் என்று வலைப்பதிவர்கள் அடித்துக்கொள்வார்கள். எனக்கு எந்தப் பக்கமும் கிடைக்கவில்லை. கண்டி வரைக்கும் கழிப்பறைக் கதவருகே நின்றேன், அதன் பிறகுதான் ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். ஹட்டனில் பாதிப் பெட்டி காலியானது. தலவாக்கலையில் இறங்கும்போது மணி 12.20. கடைவீதியில் ரிஹானாவின் மாமா துணிக்கடை வைத்திருக்கிறார், அதற்கு மேல் மாடியில் வாடகை அறைகள் இரண்டு. ஓர் இரவுக்கு 3,000 ரூபா, சுடுதண்ணீர் உண்டு. சுடுதண்ணீர் இல்லாத அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமைகளில் ரிஹானா தன் சொந்த நேரத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிறார். நாங்கள் போனது டயகம பக்கத்தில் ஒரு தோட்டம், தலவாக்கலையிலிருந்து 28 கிலோமீற்றர். (தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.) பஸ்ஸில் போனால் 160 ரூபாதான், ஆனால் மாலை ஐந்தரைக்கு மேல் திரும்பி வருவது சந்தேகம். அதனால் ஆட்டோ பிடித்தோம். போக, காத்திருக்க, திரும்பி வர எல்லாம் சேர்த்து 6,500 ரூபா. ஓட்டியவர் முருகையா அண்ணன். அக்கரப்பத்தனையைத் தாண்டியதும் பாதை குண்டும் குழியுமாகிவிட்டது. "இந்த ரோட்டுல போனா வண்டிக்கும் ரிஹானா மிஸ்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார். கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையெங்கும் நிறப்புள்ளிகளாகத் தெரிந்தார்கள். காலையில் பனி கொட்டி, பள்ளத்துப் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது.

போகிற வழியில்தான் ரிஹானா சொன்னார்: "நான் செஞ்ச நல்ல வேலைய காட்டத்தான் கூட்டிட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க அக்கா. நான் செஞ்ச தப்பத்தான் காட்டப் போறேன்."

அந்தத் தப்பு இதுதான். சரோஜாவுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் தினேஷ், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. பதினான்கு மாதத்துக்கு முன் சரோஜாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்ல மீண்டு வந்தது. கை பாதிதான் மீண்டது. ரிஹானா மாதாமாதம் போய்க் காம்பராவுக்குள், அதாவது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவருக்கென்று இருக்கும் அந்த ஒற்றை அறைக்குள், ஒவ்வொன்றாக மாற்றியமைத்தார். அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். கட்டிலிலிருந்து வாசல் வரை பிடித்து நடக்கக் கயிறு கட்டினார். ஒரு கையால் காய் வெட்டப் பலகையில் இரண்டு ஆணி அடித்துக் கொடுத்தார். எஞ்சியிருந்தது தண்ணீர் மட்டும்தான்.

மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கல்மேடைக்குக் கொண்டுவந்து விழவைத்திருப்பார்கள். அதுதான் பீலி. இந்த லயத்தில் பீலி கீழே இருக்கிறது, மண்ணில் வெட்டிய முப்பத்தொரு படி இறங்க வேண்டும். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ரிஹானா தோட்டத்து அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்து, பீலிக்கு வரும் தண்ணீரிலிருந்து பிரித்து, சரோஜாவின் வாசலுக்கே ஒரு பிளாஸ்டிக் பைப் போட வைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். இவரும் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு சரோஜா ஒடுங்கத் தொடங்கினார். பயிற்சி செய்வதில்லை, தலை வாருவதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில். மனநல வைத்தியரிடம் அனுப்பலாம் என்று ரிஹானா முடிவு செய்திருந்தார். அதற்குள் ஒரு நாள் வண்டி பழுதாகி, வழக்கமாகக் காலையில் போகிறவர் மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். கீழே பீலியில் பெண்களின் சத்தமும் சிரிப்பும். மேலே வாசலில், புத்தம்புது பைப்புக்குப் பக்கத்தில், சரோஜா தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "முன்னாடி எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்க நாலு பேரு வருவாங்க மிஸ். பைப்பு வந்ததுக்கு அப்புறம் யாரும் வர்றதில்ல" என்றிருக்கிறார். "என்ன செய்யணும்னு எல்லாரையும் கேக்குற நான், எங்க போகணும்னு சரோஜாக்காகிட்ட கேக்கல" என்று ரிஹானா சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். நான் பையிலிருந்த மிக்ஸரை நீட்டினேன்.

ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஒன்றேகால் கிலோமீற்றர் ஏற்றம். எனக்கு முப்பத்தைந்து நிமிடம், ரிஹானாவுக்குப் பதினைந்து. நாங்கள் போய்ச் சேர்ந்தது 11.40க்கு. கடைசிக் காம்பரா வாசலில் ஒரு நீலநிறப் பயணப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. முந்தைய நாள் இரவு தினேஷ் வந்திருந்தார். மறுநாள் காலை அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. இருபத்தாறு வயதுப் பையன், அம்மாவுக்கு வெந்நீர்ப் போத்தலும் புதுச் செருப்பும் வாங்கி வந்திருந்தார். கொழும்பில் மூன்றாம் மாடியில் ஓர் அறையை இன்னொருவரோடு சேர்ந்து வைத்திருக்கிறாராம், அந்த நண்பரை வேறிடம் போகச் சொல்லிவிட்டாராம். காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனால் திரும்பி வர இரவு ஒன்பதாகிவிடும். அதுவரைக்கும் அம்மா என்ன செய்வார் என்று கேட்டேன். டிவி இருக்கிறது என்றார். சரோஜா என்னைப் பார்த்து, "நாலு செவரு, ஒரு டிவி" என்று மட்டும் சொன்னார்.

ரிஹானா தினேஷிடம் பேசிப் பார்த்தார். ஆறு வாரமாகச் சரோஜாவும் அவரும் படியில் இறங்கி ஏறப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். லயத்து ஆண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுக்குக் கம்பு நட்டு, படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் நல்ல கை ஒன்றுதான். இறங்கும்போது வலப்பக்கம் இருக்கும் கம்பு ஏறும்போது இடப்பக்கமாகிவிடும். இதை ரிஹானா சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் இதுவரை சரோஜா வெறுங்கையோடு பாதிப் படிக்கு இறங்கித் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். பீலி வரை போனதில்லை. தண்ணீர் தூக்கியதும் இல்லை.

"விழுந்தா யாரு மிஸ் பாக்குறது? நான் அங்க துணி மடிச்சுக்கிட்டு இருப்பேன். போன் வரும். அதுக்கப்புறம் ஏழு மணித்தியாலம் பஸ்ஸுல உக்காந்து வரணும். போன தடவ அப்படித்தான் வந்தேன்." தினேஷ் இதைச் சத்தம் போடாமல் சொன்னார். சரோஜா எழுந்து ரொட்டி தட்டப் போனார்.

ஒரு கையால் மாவு பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. அந்த ஆணிப் பலகையில் வெங்காயத்தைக் குத்தி, ஒரே கையால் பொடிப்பொடியாக நறுக்கினார். நானும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முயன்றேன். என் வெங்காயம் ஆணியிலிருந்து கழன்று கட்டிலுக்கடியில் ஓடியது. தினேஷ் குனிந்து எடுத்துக் கொடுத்தார். ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும், பாலில்லாத சாயத்தண்ணியும். நான் ஐந்து ரொட்டி சாப்பிட்டேன், மலை ஏறிய களைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்குச் சரோஜா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் கேனை எடுத்தார். ஐந்து லீற்றர் கேன், பிடியில் பச்சைக் கயிறு கட்டியிருந்தது. கம்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும், கேனைத் தூக்க இன்னொரு கை வேண்டும், இருப்பதோ ஒன்று. இதற்கு ரிஹானா சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று கொண்டுவந்து பார்த்தாராம். மண்படியில் சக்கரம் என்ன செய்யும், இரண்டாவது படியிலேயே கவிழ்ந்துவிட்டது. தீர்வு சரோஜாவிடம்தான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த கொழுந்துப் பையை எடுத்து, கேனை அதற்குள் வைத்து, முதுகில் மாட்டினார். "இருபத்தாறு வருசமா முதுகுல தானே தூக்குனேன்" என்றார். கொழுந்து எடுப்பவர்கள் வழக்கமாக வாரைத் தலையில் மாட்டுவார்கள். கழுத்துக்கு ஆகாது என்று ரிஹானா அதைத் தோளுக்கு மாற்றித் தைத்திருந்தார். மூன்று லீற்றருக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று கேனில் ஒரு கோடும் போட்டிருந்தார்.

"இன்னிக்குப் பீலி வரைக்கும் போறேன்" என்றார் சரோஜா. மகனைப் பார்த்துச் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துச் சொன்னார். புதுச் செருப்பு வழுக்கும் என்று பழையதையே போட்டுக்கொண்டார்.

இறங்கத் தொடங்கியது 4.32. முன்னால் ரிஹானா பின்னோக்கி இறங்கினார். பின்னால் தினேஷ், இரண்டு கையையும் ஏந்தியபடி. மூன்றாவது படியில் ரிஹானா நிமிர்ந்து, "தம்பி, கைய பொக்கட்டுல போடுங்க" என்றார். அவர் போட்டார். நல்ல கால் மேலே நிற்க, பலவீனமான கால் முதலில் கீழே, பிறகு மற்றது. பதினேழாவது படி மற்றவற்றைவிட உயரம். அங்கே சரோஜா நின்றுவிட்டார். இடது கால் நடுங்கியது. தினேஷின் கை பொக்கட்டிலிருந்து பாதி வெளியே வந்தது. சரோஜா கம்பை விடாமல் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, ஒரு நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடியும் எழுந்தார். பீலியை அடையும்போது 4.43. பதினொரு நிமிடம்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள். பீலிக்கு முன்னால் குடங்களும் வாளிகளும் கேன்களும் வரிசையாக நின்றன. இங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, அவர்களுடைய கேன் நிற்கும். ஆள் அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டு இருக்கலாம், கதை பேசிக்கொண்டு இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கயிறோ துணிக்கிழிசலோ அடையாளம். சரோஜா பையைக் கழற்றி, மஞ்சள் கேனை வரிசையின் கடைசியில் வைத்தார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் முகத்தில் வேர்வை, கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கேனுக்கு முன்னால் பதினான்கு கேன்கள். பாவமாக இருந்தது. குனிந்து அந்த மஞ்சள் கேனை எடுத்துக்கொண்டுபோய் வரிசைக்கு முன்னால், நேராகப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் திரும்பிப் பார்த்தால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சரோஜா தலையைக் குனிந்துகொண்டார். ரிஹானா நெற்றியில் கை வைத்தார்.

பக்கத்துக் காம்பரா ஜெயமலர் துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். சரோஜாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். கேனைத் தூக்கி, பழையபடி கடைசியில் கொண்டுபோய் வைத்தார். என்னிடமல்ல, சரோஜாவிடம்தான் சொன்னார்:

"வீட்டுக்குத் தனிப் பைப்ப இழுத்துக்கிட்டீங்க, இங்க பீலியில தண்ணி நூலா வந்துச்சு, பொறுத்துக்கிட்டோம். இங்கயும் வந்து முன்னுக்கு நிப்பீங்களா? ஒங்க மொற வரும்போதுதான் புடிக்கணும், சரோஜாக்கா."

தினேஷ் ஓரடி முன்னால் வந்தார். சரோஜா தலையை நிமிர்த்தினார். "நான் எங்கடி முன்னுக்கு வச்சேன்? கொழும்புலருந்து வந்தவங்க வச்சாங்க. எனக்கு முடியாமப் போறதுக்கு முந்தின தீபாவளிக்கு நீ எத்தன வாளிய முன்னுக்குத் தள்ளுனன்னு நான் சொல்லவா?" என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள். ஜெயமலரும் சிரித்துவிட்டார். சரோஜா சிரித்தபோது முகம் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியது, அதைக் கையால் மறைக்கவில்லை. காலையிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. சரோஜா கல்லில் உட்கார்ந்தார். யாருடைய மகளுக்கு ராகலையில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்தக் கங்காணி யாரைத் திட்டினார் என்று பதினான்கு மாதக் கதை அவருக்கு மிச்சமிருந்தது. முறை வர முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பெண் கேனைப் பிடிக்கக் கை நீட்டியபோது, தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கோடு வரை நிரப்பினார். ஏறப் பத்தொன்பது நிமிடம். பின்னால் வந்த பெண்கள் குடத்தோடு படியில் நின்று நின்று ஏறினார்கள், ஒருவரும் முந்திப் போகவில்லை. தினேஷ் எல்லோருக்கும் கடைசியில் வந்தார். மேலே போனதும் வாசலில் இருந்த நீலப் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். அவர் என்ன முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவளுக்கு அன்று போதும் என்றாகிவிட்டது.

இறங்கி வரும்போது அந்தப் பைப்பை என்ன செய்வீர்கள் என்று ரிஹானாவிடம் கேட்டேன். பிடுங்கப் போவதில்லை, மூடித் திறக்கும் டெப் ஒன்று போட்டால் பீலிக்கும் தண்ணீர் குறையாது, மழை நாளில் படி இறங்கக்கூடாது, அப்போது அது வேண்டும் என்றார். கேனை நகர்த்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "நான் பைப்பு போட்டேன், நீங்க கேன நகத்துனீங்க. அந்த ஜெயமலரக்காவுக்குத்தான் வேல தெரிஞ்சிருக்கு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. கொழும்பு ரயில் தலவாக்கலைக்குக் காலை பத்து மணி வாக்கில் வரும். ஒன்பதரைக்கே மேடைக்குப் போய்விட்டேன். அங்கே தினேஷ் நின்றுகொண்டிருந்தார், அந்த நீலப் பையோடு, தனியாக. பை காற்றுப் போனதுபோல் தொங்கியது. அம்மா வழியனுப்ப வரவில்லையா என்று கேட்டேன்.

"எங்க வர்றது? விடியக்காலமே ஜெயமலரக்கா கதவத் தட்டி, கேன வாங்கிட்டுப் போய் வரிசையில வச்சிட்டாங்க. இன்னிக்கு எல்லாரும் துணி தொவைக்கிற நாளு. பனி காஞ்சதும் எறங்கணும், இல்லாட்டி மொற போயிரும்னு சீல மாத்திக்கிட்டு இருக்காங்க. பாத்துப் போடான்னு உள்ளேருந்தே சொன்னாங்க." சொல்லிவிட்டு அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பயமாத்தான் இருக்கு" என்றார். எனக்கும்தான்.

இனி, அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசியில் பகலில் வெயில், விடியலில் பனி, இரண்டுக்கும் உடுப்பு வேண்டும். தலவாக்கலையில் காசு எடுத்துக்கொள்ளுங்கள், மேலே பணம் எடுக்கும் இயந்திரங்களை நம்பாதீர்கள். ஆட்டோவுக்கு ஏறும்முன் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். லயம் என்பது காட்சிப் பொருளல்ல, யாரோ உங்களை அழைக்காமல் அங்கே போகாதீர்கள், கமெராவைப் பையிலேயே வையுங்கள். ரொட்டி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உதவி செய்யக் கை துறுதுறுத்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். பீலிக்குப் போனால் யாருடைய கேனையும் நகர்த்தாதீர்கள்.